ஆயிரத்துக்கு 891

தேனிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல் வகுப்பில், மஞ்சுளா பத்மநாபன் ஆங்கிலத்தில் எழுதிய ‘எஸ்கேப்’ நாவலின் கதையைத் தமிழில் சொன்னேன். பெண்கள் முழுவதுமாக ஒழிக்கப்பட்ட ஒரு நாடு. அங்கே மறைத்து வளர்க்கப்படும் ஒரே ஒரு சிறுமி. அவள் தப்பிச் செல்லும் பயணம். சாகசக் கதை என்பதால் பிள்ளைகள் தூங்காமல் கேட்டார்கள். முடித்ததும், கம்பத்துப் பக்கமிருந்து பேருந்தில் வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“மேடம், இதுல கற்பன எது? எங்க அம்மாச்சி சொன்னதுலயும் இதான இருக்கு. ஆனா இந்தக் கதையில அம்மாச்சியே இல்லையே?”

அவள் கேட்டது இரண்டு கேள்விகள். முதலாவது, எதிர்காலம் என்று சொல்லப்படும் இந்தக் கதை எங்கள் ஊரின் இறந்தகாலமல்லவா என்பது. இரண்டாவது, பிழைத்த சிறுமியைக் காட்டும் கதை அவளைப் பிழைக்க வைத்த கிழவியை ஏன் காட்டவில்லை என்பது. பதின்வயதுப் பெண்களின் கையில் இப்படியொரு நாவலைக் கொடுக்கலாமா, கொடுத்தால் எப்படிப் படிக்கச் சொல்வது என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளிலிருந்தே தொடங்குகிறேன்.

‘எஸ்கேப்’ 2008-இல் வெளிவந்தது. நாட்டைத் தளபதிகள் ஆள்கிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் நகலெடுத்ததுபோல உருவாக்கப்பட்டவர்கள். பிள்ளை பெறக் கருப்பை தேவையில்லை என்ற நிலை வந்ததும் பெண்களும் தேவையில்லை என்று முடிவு கட்டியவர்கள். ஒழிக்கப்பட்ட பெண்ணினத்தைப் பூச்சி புழுவுக்கு நிகரான பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். வேலை செய்வதற்கென்று தனியாக ஓர் அடிமைக் கூட்டத்தையும் உருவாக்கி வைத்திருக்கிறார்கள். இதற்கு நடுவே ஒரு பண்ணை வீட்டில் மூன்று சகோதரர்கள் மெய்ஜி என்ற சிறுமியை ஒளித்து வளர்க்கிறார்கள். சகோதரர்களுக்குப் பெயரில்லை, மூத்தவர், நடுவர், இளையவர் என்பதோடு சரி. அவள் பருவமடையாமலிருக்க மருந்து கொடுத்து வந்தவர்கள், இனியும் ஒளித்து வைக்க முடியாது என்ற நிலையில் அவளை இளையவரோடு எல்லை தாண்ட அனுப்புகிறார்கள். ஆண் வேடத்தில், பாழ்பட்ட நிலங்களின் வழியே அவர்கள் போகிறார்கள். பெண் என்றால் என்ன என்பதை அவள் வழியில்தான் தெரிந்துகொள்கிறாள். பயணம் முடிவதற்கு முன்பே நாவல் முடிந்துவிடுகிறது. அதன் தொடர்ச்சி 2015-இல் வந்தது.

அதே 2008-இல்தான் அமெரிக்காவில் சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ வெளியானது. திரைப்படம் வழியாக அதை என் மாணவிகளில் பலருக்குத் தெரியும். அங்கே பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெயர்களைச் சீட்டுக் குலுக்கி, சாவுக்களத்துக்கு அனுப்புகிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை கூடுதலாகக் கொஞ்சம் தானியம் வேண்டுமென்றால் தன் பெயரை இன்னொரு முறை குலுக்கலில் சேர்க்கலாம். பசிக்கும் சாவுக்கும் விலை பொருத்தும் அந்த ஏற்பாடு வகுப்பில் எல்லோருக்கும் சட்டென்று புரிந்தது. ஆனால் அந்தக் குலுக்கலில் ஆணும் பெண்ணும் உண்டு. எங்கள் பக்கத்தில் நடந்ததில் பெண் பெயர் மட்டுமே இருந்தது. பன்னிரண்டு வயது வரை யாரும் காத்திருக்கவுமில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையில் கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. 1895-இல் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு மலைக்கு அப்பால் போன தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. கூடலூரிலிருந்து கீழே 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் என்று எங்கள் ஊர் விவசாயிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். திராட்சை, வாழை, தென்னை, மலையேறினால் ஏலக்காய். பார்க்கப் பச்சைப் பசேலென்ற இந்தப் பள்ளத்தாக்கையும் உள்ளடக்கிய தேனி மாவட்டத்தில், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 891 பேர். அப்போது தமிழ்நாட்டின் சராசரி 942. சேலத்தில் 851, தர்மபுரியில் 826.

இயற்கையாகவே ஆண் குழந்தைகள் சற்றுக் கூடுதலாகப் பிறப்பதால் இந்த எண் 950-ஐ ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், தேனியில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ அறுபது சிறுமிகள் குறைகிறார்கள். அறுபது பேர் என்றால் எங்கள் கல்லூரியில் ஒரு வகுப்பு. கரும்பலகையில் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுவிட்டு, வகுப்பிலிருந்த அறுபது சொச்சம் பேரைத் திரும்பிப் பார்த்தேன். அதற்கு மேல் அன்று பாடம் ஓடவில்லை.

வெளியுலகம் இதைக் கேள்விப்பட்டது 1980-களின் நடுவில். 1986 ஜூன் மாத ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. அதன் பிறகு உசிலம்பட்டி என்றாலே கள்ளிப்பால் என்றாகிவிட்டது. செய்தி உண்மைதான். ஆனால் அது சொல்லப்பட்ட விதத்தில் ஒரு பழைய கண் இருந்தது. இந்தப் பகுதியின் பிரமலைக் கள்ளர்களைக் குற்றப் பரம்பரை என்று பதிவு செய்து, ஆண்களின் கைரேகையை எடுத்து, இரவில் காவல் நிலையத்தில் ஆஜராகச் சொன்ன ஓர் அரசு இங்கே இருந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதினாறு பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் நீங்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே மக்கள் மீண்டும் ஒரு குற்றத்தின் முகமாக நிறுத்தப்பட்டார்கள்.

சிசுக்கொலை ஒரு சாதியின் இயல்பல்ல என்பதை 1997-இல் ஷீலா ராணி சுங்கத்தும் வெ. பா. ஆத்ரேயாவும் எழுதிய ஆய்வு காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளைக் கொண்டு அவர்கள் வரைந்த வரைபடத்தில், மதுரை, தேனி, திண்டுக்கல்லில் தொடங்கிச் சேலம், தர்மபுரி வழியாக வடக்கே போகும் ஒரு நீண்ட பட்டை தெரிந்தது. வழியில் பல சாதிகள், பல வகை நிலங்கள். அந்தப் பதிவேடுகளில் இந்த மரணங்களுக்கு எதிரே எழுதப்பட்டிருந்த காரணம் ‘சமூகக் காரணம்’. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு என்ற வரிசையில் அதுவும் ஒரு நோய்போல நின்றது. எந்தக் கற்பனை நாட்டின் அரசாங்கமும் இதைவிடப் பொருத்தமான ஒரு சொல்லைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

நாவலோடு எனக்குள்ள முதல் பிணக்கு இங்கேதான். மெய்ஜியின் நாட்டில் கொன்றவர் யார் என்பதில் குழப்பமே இல்லை. தளபதிகள், அவர்களின் ஆணை, அவர்களின் படை. படிக்கும் பெண்ணுக்கு வெறுக்க ஒரு முகம் கிடைக்கிறது. எங்கள் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு தளபதி இருக்கவில்லை. யாரும் ஆணை பிறப்பிக்கவில்லை. நடந்ததெல்லாம் வீட்டுக்குள், திண்ணைப் பேச்சில், பவுன் கணக்கில். மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட்டுப் பெண்ணெடுத்த குடும்பங்களிலேயே இரண்டு தலைமுறைக்குள் வரதட்சணை வந்து உட்கார்ந்தது. தண்ணீரும் பணப்பயிரும் வந்த இடங்களில் மாப்பிள்ளையின் விலை ஏறியது. முதல் பெண்ணை மடியில் போட்டுக் கொஞ்சிய வீடே மூன்றாவது பெண்ணிடம் கணக்குப் பார்த்தது. கொலைக்கான கையை நீட்டியவர்கள் பல நேரங்களில் மாமியார்களும் மருத்துவச்சிகளும். வழக்கு என்று வந்தபோது கூண்டில் ஏறியது பெற்றவள். பவுன் கேட்டவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

தளபதியைக் காட்டும் கதையை மட்டும் படித்து வளரும் பெண், அநியாயம் என்றால் சீருடையில் வரும் என்று நம்பிவிடுவாள். தன் கல்யாணப் பேச்சில் எழுதப்படும் சீர்வரிசைப் பட்டியலில் அதே ஆணை எழுதப்படுவதை அவள் கவனிக்கத் தவறலாம். சாகசக் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும், அது அந்த வகையின் தேவை. ஆசிரியர்களாகிய நாம் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: தளபதிகளே இல்லாமல் இது எப்படி நடந்தது?

நாவல் எங்களைவிடத் தெளிவாகப் பார்த்த இடமும் உண்டு. மெய்ஜியின் உடலைப் பற்றிய முடிவுகளை மற்றவர்கள் எடுக்கிறார்கள். அவள் நன்மைக்காகத்தான், அன்போடுதான். ஆனாலும் தன் உடலில் என்ன நடக்கிறது, என்ன நடக்கவிடாமல் தடுக்கப்படுகிறது என்று அவளுக்குத் தெரியாது. இந்தப் பகுதியைச் சொன்னபோது வகுப்பில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் சடங்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கி, தாய்மாமன் சீர், ஊர் நுழைவில் ஆளுயரப் பதாகையில் தன் படம், அதைப் பார்த்துப் பள்ளிப் பையன்கள் செய்த கேலி. மெய்ஜிக்கு மறைக்கப்பட்ட செய்தியை இங்கே ஊருக்கே அறிவிக்கிறோம். இரண்டிலும் அந்தச் செய்தி அவளுடையதாக இல்லை. மறைப்பதும் அறிவிப்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு பழக்கங்கள் என்பதைப் பாடப்புத்தகத்தின் எந்த அத்தியாயமும் என் மாணவிகளுக்கு இவ்வளவு விரைவாகப் புரியவைத்ததில்லை. இந்த ஓர் இடத்துக்காகவே நாவலைப் படிக்கக் கொடுக்கலாம்.

அந்தக் கம்பத்து மாணவியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மெய்ஜியைக் காப்பாற்றுவது மூன்று ஆண்கள். பெண்களே ஒழிக்கப்பட்ட நாட்டில் வேறு யார் காப்பாற்றுவார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கதை அப்படி அமைக்கப்பட்டதால், பெண்ணை வாழவைத்த பெண்களின் நினைவும் சேர்ந்தே ஒழிந்துபோகிறது. மெய்ஜிக்குப் பாட்டி கதை சொன்னதில்லை. அக்கா தலை பின்னிவிட்டதில்லை. பெண்ணாக இருப்பதைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தரக்கூட ஓர் ஆண்தான் வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்திலிருந்து வந்த ஒரு கதை வேறு மாதிரி இருந்தது என்று சொல்லத் தோன்றும். தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்த பாரதிராஜா 1994-இல் எடுத்த ‘கருத்தம்மா’ பெண் சிசுக்கொலையை நேராகப் பேசிய படம். கொல்லச் சொல்லிக் கொடுக்கப்பட்ட குழந்தை பிழைத்து, வேறிடத்தில் வளர்ந்து, மருத்துவராகத் திரும்பி வருகிறாள். ஊர் அழுது பார்த்த படம். ஆனால் அங்கும் அவளைக் கொண்டுபோய் வளர்ப்பவர் ஓர் ஆசிரியர், ஆண். அவள் பிழைத்ததற்கு நியாயமாக மருத்துவர் பட்டமும் தேவைப்படுகிறது. பயனுள்ளவளாக வளர்ந்ததால்தான் அவள் உயிர் சரி என்றாகிறது. எட்டாம் வகுப்போடு நின்று ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறும் பெண்ணும் பிழைத்திருக்க வேண்டியவள்தானே?

அரசின் பதில் 1992-இல் வந்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 2001-இல் தேனி, மதுரை, திண்டுக்கல், தர்மபுரி போன்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. கொல்ல வேண்டாம், இங்கே விட்டுவிட்டுப் போங்கள் என்றது அரசு. உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பெண் குழந்தை வேண்டாத பொருள் என்ற எண்ணத்தை அது கேள்வி கேட்கவில்லை, வைக்க ஓர் இடம் மட்டும் காட்டியது என்று பெண்கள் அமைப்புகள் அப்போதே சொன்னது சரியான விமர்சனம். அதற்குள் ஸ்கேன் இயந்திரங்களும் வந்துவிட்டன. கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, 1996-இல் நடைமுறைக்கு வந்து, 2003-இல் திருத்தி இறுக்கப்பட்டது. தொட்டிலுக்கு வருவதற்கு முன்பே கணக்கை முடித்துவிடும் வழி கிடைத்திருந்தது என்பதற்கு அந்தத் திருத்தமே சாட்சி.

2011 கணக்கெடுப்பில் தேனியின் எண் 937 ஆனது. பத்தாண்டில் நாற்பத்தாறு கூடியிருக்கிறது. இதற்குச் சட்டம், திட்டம், பிரச்சாரம் என்று காரணம் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளின் பெயரெழுதி, முதல் இரண்டும் பெண்ணாக உள்ள வீட்டுக்கு ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி மறுபடி போய் எட்டிப்பார்த்த கிராம சுகாதாரச் செவிலியரை எந்தக் கதையில் பார்த்திருக்கிறோம்? பால்வாடி ஆயாவை? சங்கத்துப் பெண்களை? செய்ய மாட்டேன் என்று கையை இழுத்துக்கொண்ட மருத்துவச்சியை?

அந்த மாணவியின் அம்மாச்சி கதையை வகுப்பு முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு கேட்டேன். மாணவியின் அம்மா அந்த வீட்டில் மூன்றாவது பெண். பிறந்த அன்றே பேச்சு நடந்திருக்கிறது. அம்மாச்சியின் அக்கா, பிள்ளையில்லாதவள், குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். ஊர் பார்க்க உட்கார்ந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. பால் கொடுக்கப் பெற்றவளைத்தான் வெளியே வரச் சொன்னாள். ஒன்பது நாள். வீட்டுக்குள் மட்டுமே செய்ய முடிந்த ஒன்றை, வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து அவள் தடுத்துவிட்டாள். பத்தாம் நாள் எல்லோருக்கும் சலித்துப்போய், குழந்தைக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் மாவட்டத்து வாக்காளர் பட்டியலில் அந்தப் பெயர் அரிதல்ல. இனிப் பெண் வேண்டாம் என்று கடவுளுக்கு விடுத்த விண்ணப்பம் அது. பெயருக்குரியவள் அதைச் சுமந்துகொண்டே பள்ளியில் கை தூக்கியிருக்கிறாள், கைநாட்டோ கையெழுத்தோ போட்டிருக்கிறாள், மகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறாள்.

அந்தத் திண்ணையில் நாடு கடக்கும் பயணமில்லை, மாறுவேடமில்லை. ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். பதின்வயதினருக்கான சாகச நாவல் இதை எப்படிச் சாகசமாக எழுதும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உயிர் பிழைத்தல் என்ற சொல்லுக்கு எங்கள் பள்ளத்தாக்கில் பொருள் இதுதான். தனியொருத்தி வில்லெடுத்தோ எல்லை தாண்டியோ பிழைப்பதைவிட, ஒருத்தி உட்கார்ந்திருந்ததால் இன்னொருத்தி பிழைத்ததே இங்கு அதிகம்.

இந்த நாட்டில் பெண்கள் கற்பனை நாடு எழுதத் தொடங்கியபோது சாவிலிருந்து தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரொக்கையா சக்காவத் உசேன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் சென்னையில்தான், கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில், அச்சேறியது. அங்கே பெண்கள் ஆள்கிறார்கள், அறிவியல் செய்கிறார்கள், ஆண்கள் அந்தப்புரம்போன்ற ஓர் இடத்தில் அடைபட்டிருக்கிறார்கள். யாரையும் இனத்தோடு ஒழிக்கவில்லை. 103 ஆண்டுகள் கழித்து இன்னோர் இந்தியப் பெண், பெண்களே இல்லாத நாட்டை எழுதுகிறார். இடைப்பட்ட நூற்றாண்டில் நடந்ததை அறியாமல் இந்த இரண்டு நூல்களையும் சேர்த்து வாசிக்க முடியாது. என் வகுப்பில் இப்போது இரண்டையும் அடுத்தடுத்துத்தான் சொல்கிறேன்.

‘எஸ்கேப்’ வளர்ந்தவர்களுக்காக எழுதப்பட்ட நாவல். உடலையும் பாலியலையும் வன்முறையையும் அது ஒளிக்காமல் பேசுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட நான் சொல்லமாட்டேன். பதினாறு, பதினேழு வயதில், பேச ஒரு பெரியவள் பக்கத்தில் இருக்க, கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். நடந்துவிட்ட ஒன்றை, நடக்கக்கூடும் என்று சொல்லி அது பேசவைக்கிறது. எங்கள் அம்மாக்கள் வாய்திறக்காத விஷயத்தை, வேறு நாட்டுக் கதை என்ற மறைவில் மகள்கள் பேச முடிகிறது. அது அந்த நாவலின் பெரிய உதவி. ஆனால் அதோடு ஒரு வேலையும் கொடுக்க வேண்டும்: வீட்டுக்குப் போய் அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ கேட்டு எழுதி வா.

நான் கொடுத்தேன். நாற்பத்தோரு பேர் எழுதி வந்தார்கள். சிலர் வெற்றுத்தாளைக் கொடுத்து, “சொல்ல மாட்டேங்கிறாங்க மேடம்” என்றார்கள். அந்தத் தாள்களையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். இப்போது படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் 2011-இல் எண்ணப்பட்ட அந்த 937-க்குள் இருப்பவர்கள். 891-க்குள் இருந்தவர்கள் அவர்களுடைய அக்காக்கள். போதும்பொண்ணின் மகள் இப்போது பி.எட். முடித்துவிட்டாள். சென்ற மாதம் தொலைபேசியில் பேசினாள். பெரிய அம்மாச்சிக்குக் கண் தெரியவில்லையாம். யார் வந்தாலும் அடையாளம் கேட்டுவிட்டு, இன்னமும் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறாளாம்.